அக்கம்பக்கத்தாருக்காக ஒரு சீன நாட்டுப்புற இசை மாலை: சிங்கப்பூர் சமூக மன்றத்தில் நடத்த முழு வழிகாட்டி

சீன இசை என்றதும் சிங்கப்பூரில் இருக்கும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது புத்தாண்டுச் சமயத்துச் சிங்க நடன மேளம், இல்லையென்றால் சீன நாள்காட்டியின் ஏழாம் மாதத்தில் திறந்தவெளியில் போடும் கேதாய் பாட்டு மேடை. இன்னும் கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்கள் ஷென்டன் வேயில் இருக்கும் மாநாட்டு மண்டபத்துக்குப் போய் சிங்கப்பூர் சீன இசைக்குழுவை முழுசாகக் கேட்டிருப்பார்கள். இந்த மூன்றுமே பெரிய சத்தம், பெரிய மேடை. ஆனால் சீன நாட்டுப்புற இசையில் ஒரு பெரும்பகுதி ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிக்க உருவானது. அதைக் கேட்க அறுபது நாற்காலி கொள்ளும் ஓர் அறை போதும். நம் பேட்டையிலேயே, நம் சமூக மன்றத்திலேயே நடத்தலாம், அதை நடத்த நீங்கள் சீனராகவோ இசைக்கலைஞராகவோ இருக்க வேண்டியதில்லை.

எப்படி நடத்துவது என்பதை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். வழியில் நிறைய சின்னச் சின்ன முடிவுகள் எடுக்க வேண்டிவரும். எதில் குழம்பினாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு ஏர்ஹு என்னும் இரண்டு தந்தி வில் வாத்தியத்தின் மிக மெல்லிய இழுப்பு மைக் இல்லாமல் கேட்குமா? கேட்கும் என்றால் சரியான முடிவு.

முதல் படி: எந்த இசை?

'சீன நாட்டுப்புற இசை' என்று மொத்தமாகச் சொல்லிக்கொண்டு யாரிடமும் போகாதீர்கள். அது 'இந்திய இசை வேண்டும்' என்று கேட்பதற்குச் சமம். சிங்கப்பூரில் கேட்கக் கிடைப்பதே பல வகை. ஃபூஜியன் பகுதியிலிருந்து வந்த நான்யின் இருக்கிறது, 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நாலு தந்தி வாத்தியமான பிபாவைக் கிட்டார் போலப் படுக்கவைத்து மீட்டுவார்கள், பாடுபவரே கையில் மரக்கட்டைகளைத் தட்டித் தாளம் காட்டுவார். இங்கே சியோங் லெங் இசைச் சங்கம் 1941இலிருந்து இதைக் காத்துவருகிறது. தியோச்சியூ மக்களின் தந்தி இசை இருக்கிறது, கான்டனீஸ் இசை இருக்கிறது, ஏழு தந்தி குச்சின் இருக்கிறது. குச்சின் எவ்வளவு மெல்லியது என்றால் பதினைந்து பேருக்கு மேல் இருக்கும் அறையில் அதன் பாதி தொலைந்துபோகும்.

முதல் முறை நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது ஜியாங்னான் சிஜு. ஷாங்காய், தென் ஜியாங்சு, வட ஜெஜியாங் வட்டாரத்தின் தேநீர்க்கடை இசை. பட்டுத் தந்தி, மூங்கில் குழல் என்ற இரண்டு பொருளிலிருந்து வந்த பெயர் அது. 2006இல் சீனா தன் முதல் தேசிய மரபுக்கலைப் பட்டியலை வெளியிட்டபோதே இதையும் சேர்த்தது. இதைப் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. சீன இசைக்குழுவில் பயிற்சி பெற்ற யாருக்கும் இதில் சில பாட்டுகளாவது தெரிந்திருக்கும், ஐந்து பேர் இருந்தாலும் நடக்கும், எட்டுப் பேர் இருந்தாலும் நடக்கும். எல்லாவற்றையும் விட, புதிதாகக் கேட்பவருக்குப் பத்தே நிமிடத்தில் பிடிபடக்கூடிய ஒரு அழகு இதற்குள் இருக்கிறது.

அந்த அழகு எங்கே இருக்கிறது என்பதை நடத்துகிறவர் தெரிந்துகொண்டே ஆக வேண்டும், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஜொங்ஹுவா லியூபான் என்று ஒரு பாட்டு. குழல், ஏர்ஹு, பிபா, குச்சியால் தட்டி வாசிக்கும் தந்தி வாத்தியமான யாங்சின் நாலும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தன் வழியில் வாசிக்கும். ஏர்ஹு ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும். அதே இடத்தில் குழல் நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டு கடைசியில் ஒரு சின்னச் சுழிப்பு போடும். பிபா அந்த இடைவெளியைப் பொடிப்பொடியாக நிரப்பும், யாங்சின் மேல் ஸ்தாயிக்கும் கீழ் ஸ்தாயிக்கும் தாவித் தாவி நடக்கும். அதுவும், ஒருவர் அலங்காரம் கூட்டினால் பக்கத்தில் இருப்பவர் தன்னுடையதைக் குறைப்பார். யாரும் இதை எழுதிவைத்து வாசிப்பதில்லை, கேட்டுக் கேட்டு விட்டுக்கொடுப்பது. இதன் மூல மெட்டான லாவ் லியூபான் மிக எளிமையானது. அதை இரண்டு மடங்கு மெதுவாக்கி, கிடைத்த இடத்தில் அலங்காரம் சேர்த்து, மறுபடி மெதுவாக்கி, மறுபடி சேர்த்து என்று வந்த வடிவங்களில் ஒன்றுதான் இது. கீர்த்தனையில் ஒரே வரிக்குச் சங்கதி மேல் சங்கதி விழுவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே விளங்கும்.

மைக் வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிப்பதும் இதனால்தான். நாலு வாத்தியத்தையும் மைக் போட்டு இரண்டு ஸ்பீக்கரில் கலந்து விட்டால், எந்தச் சுழிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியாமல் போய்விடும். மிச்சம் இருப்பது ஒரு மெட்டு மட்டும்.

இரண்டாவது படி: வாசிக்கிறவர்கள்

சிங்கப்பூரில் இது கஷ்டமான காரியம் இல்லை. ஏராளமான பள்ளிகளில் சீன இசைக்குழு இணைப்பாட நடவடிக்கையாக இருக்கிறது. பள்ளி முடித்து வேலைக்குப் போனபிறகு வாத்தியத்தை அலமாரி மேல் வைத்துவிட்டு, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருப்பவர்கள் உங்கள் புளோக்கிலேயே இருப்பார்கள். பல சமூக மன்றங்களுக்குச் சொந்தமாகச் சீன இசைக்குழு உண்டு, அவர்களுடைய பயிற்சி நாளைத் தெரிந்துகொண்டு நேரில் போங்கள். குலமரபுச் சங்கங்களிலும் மூத்த கலைஞர்கள் இருக்கிறார்கள். நன்யாங் நுண்கலைக் கழகத்தில் சீன வாத்தியம் படிக்கும் மாணவர்களையும் அணுகலாம்.

குறைந்தபட்சம் வேண்டியது டிஸி என்னும் மூங்கில் குழல், ஏர்ஹு, பிபா, யாங்சின். குழலும் ஏர்ஹுவும்தான் முன்னின்று நடத்துபவை, அந்த இரண்டு பேருக்குள் ஒத்துப்போக வேண்டும். ஷெங் கிடைத்தால் விடாதீர்கள். மூச்சை வெளியே விட்டாலும் உள்ளே இழுத்தாலும் ஒலிக்கும் வாய் வாத்தியம் அது, எல்லாச் சத்தத்தையும் ஒட்டிவைக்கும் பசை மாதிரி நடுவில் நிற்கும். தாளத்துக்குச் சின்ன முரசும் கட்டையும் வைத்துக்கொண்டு ஒருவர். மூன்று தந்தி சான்ஷியன், வட்ட முகம் கொண்ட ருவான் எல்லாம் வந்தால் சந்தோஷம்.

படுக்கவைத்து மீட்டும் நீளமான தந்தி வாத்தியமான குஜெங்கைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்க அழகு, வாசிப்பவர்களும் நிறைய, அதனால் எல்லோரும் முதலில் குஜெங்கைத்தான் கேட்பார்கள். தனியாக ஒரு பாட்டு வாசிக்கட்டும். ஆனால் அதன் 21 தந்திகளும் ஐந்து சுரத்துக்குச் சுருதி கூட்டப்பட்டவை, சுருதி மாறினால் தந்திக்குக் கீழே இருக்கும் குதிரைகளை நகர்த்திவைக்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். நிகழ்ச்சியின் நடுவில் அந்த இடைவெளி அசௌகரியம், எனவே குஜெங் உண்டென்றால் அதை முதலிலேயே வைத்துவிடுங்கள். சுவோனா வேண்டவே வேண்டாம். நம் நாகசுரம் போலத் திறந்தவெளிக்கும் ஊர்வலத்துக்கும் பிறந்தது அது, சின்ன அறையில் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

பெரியவர்களை, அதிலும் சொல்லிக்கொடுப்பவர்களை, 'லாவ்ஷி' (ஆசிரியர்) என்று கூப்பிடுங்கள். சன்மானம் பற்றி முதல் சந்திப்பிலேயே பேசுங்கள். இலவசமாக வாசிக்கிறோம் என்று சொன்னாலும் சிவப்பு உறையில் ஏதாவது வைத்து இரண்டு கையாலும் கொடுங்கள். தொகை இரட்டைப்படையில் இருக்கட்டும், நான்கைத் தவிர்த்துவிடுங்கள். மாணவர்களுக்கும் அதே மரியாதை. பயணச் செலவும் சாப்பாடும் தனி, அதை உறையில் சேர்க்கக் கூடாது.

ஜொகூரிலிருந்து யாரையாவது அழைத்தால் இன்னொரு வேலை இருக்கிறது. ஏர்ஹுவின் முகப்பில் போர்த்தியிருப்பது மலைப்பாம்புத் தோல், அழிந்துவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. எல்லை தாண்டி எடுத்துவர என்ன தாள் வேண்டும் என்று தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது படி: அறை, நாள்

பெரிய மண்டபத்தைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மன்றத்தின் மேல்மாடியில் நடவடிக்கை அறைகள் இருக்கும், அதில் ஒன்று போதும். புளோக்கின் கீழ்த்தளமும் ஒத்துவராது. மின்தூக்கி, சைக்கிள், மேலே ஓடும் குழந்தைகள் எல்லாம் கேட்கும், காற்றில் சத்தம் கலைந்தும் போகும். அறையைப் பார்க்கப் போகும்போது ஏர்ஹு வாசிப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் ஒரு மூலையில் உட்கார்ந்து மிக மெதுவாக வாசிக்கட்டும், நீங்கள் கடைசி வரிசை வரப்போகும் இடத்தில் நில்லுங்கள். அப்புறம் குளிரூட்டியைப் போட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். பல அறைகளில் அந்த இயந்திரத்தின் உறுமல்தான் பெரிய எதிரி. கையை ஒரே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து எதிரொலி கூர்மையாகத் திரும்பினால், அதிலும் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்த நடன அறையாக இருந்தால், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். திரை இல்லையென்றால் வேறு அறை பாருங்கள்.

பக்கத்து அறையில் அதே நேரத்தில் என்ன நடக்கிறது என்பதையும் கேட்டுவிடுங்கள். ஸூம்பா வகுப்புக்குப் பக்கத்தில் குழல் எடுபடாது.

நாள் என்று பார்த்தால் இலையுதிர்கால நடுவிழாவை ஒட்டிய வாரம் அருமை. நிலவைப் பாடும் பாட்டுகள் சீன இசையில் ஏராளம், குழந்தைகளும் விளக்கோடு வருவார்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் யாரையும் பிடிக்க முடியாது, எல்லோரும் வேறு மேடைகளில் இருப்பார்கள். ஏழாம் மாதத்தில் பக்கத்துத் திடலில் கேதாய் போட்டால் உங்கள் நிகழ்ச்சி அவ்வளவுதான். வாரநாள் மாலையை விட ஞாயிறு பிற்பகல் நாலு மணி நல்லது. முதியவர்கள் வெளிச்சத்திலேயே வீடு திரும்பலாம், பெற்றோர் பிள்ளைகளை அழைத்துவரலாம்.

நான்காவது படி: அனுமதிகள்

மக்கள் கழகத்தின் கீழ் வரும் மன்றம் என்றால் முதலில் அங்கே இருக்கும் அதிகாரியிடம் போய், வட்டார வசிப்போர் குழுவோடு சேர்ந்து நடத்தலாமா என்று கேளுங்கள். கூட்டாக நடத்தினால் அறை வாடகையும் விளம்பரமும் எளிதாகும். பொதுமக்களுக்குத் திறந்த கலை நிகழ்ச்சிக்குத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் தேவைப்படலாம், விலக்கு உள்ள நிகழ்ச்சிகளும் உண்டு. உங்களுடையது எதில் சேரும் என்பதை நீங்களே ஊகிக்காமல் மன்றத்தைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிப்புரிமை விஷயத்தைப் பலர் கண்டுகொள்வதில்லை. மரபு மெட்டுகளுக்குச் சொந்தக்காரர் கிடையாது. ஆனால் 'நாட்டுப்புற இசை' என்று நாம் நினைக்கும் பலவற்றுக்கு இசையமைப்பாளர் உண்டு. சிங்கப்பூர்ச் சட்டப்படி அவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். ஏர்ஹுவுக்குத் தனிக் கச்சேரிப் பாட்டுகள் எழுதிய லியூ தியன்ஹுவா 1932இலேயே காலமானார், அவை பொதுச்சொத்து. கான்டனீஸ் இசையின் பெரும் புள்ளியும், எஃகுத் தந்தி போட்டு ஏர்ஹுவை விட உயர்ந்த சுருதியில் பேசும் காவ்ஹுவை உருவாக்கியவருமான லூ வென்செங் 1981 வரை வாழ்ந்தார், அவருடைய பாட்டுகளுக்கு உரிமை இன்னும் இருக்கிறது. மரபு மெட்டாகவே இருந்தாலும் அண்மையில் ஒருவர் செய்த இசைக்கோர்ப்பு அவருடையது. பாட்டுப்பட்டியல் தயாரானதும், இசை உரிமைகளைக் கவனிக்கும் காம்பாஸ் அமைப்பிடம் கொடுத்து எதற்கு உரிமம் வேண்டும் என்று கேட்டுவிடலாம்.

ஐந்தாவது படி: பாட்டுப்பட்டியல்

மொத்தம் ஒரு மணி நேரம், இடைவேளை இல்லாமல். இரண்டு மணி நேரம் போட ஆசை வரும், வேண்டாம். மெல்லிய இசையை உற்றுக் கேட்பது புதியவர்களுக்கு உழைப்பு, அவர்கள் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று நினைக்கும்போதே முடிய வேண்டும்.

சிஜுவில் எட்டுப் பெரும் பாட்டுகள் என்று ஒரு தொகுதி உண்டு. அதிலிருந்து மூன்று எடுத்தால் போதும். ஹுவான்லெ கெ தொடக்கத்துக்குப் பொருத்தம், நிதானமாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடிக்கும், கேட்பவரும் கூடவே பழகிக்கொள்வார். நடுவில் ஜொங்ஹுவா லியூபான். முடிவுக்கு சான்லியூ, துள்ளலான பாட்டு.

இவற்றுக்கு நடுவே தனி வாத்தியங்கள். ஏர்ஹுவுக்கு அபிங்கின் பாட்டு ஒன்றாவது இருக்கட்டும். வுசி நகரத்தில் கண்பார்வை இழந்து தெருவில் வாசித்துப் பிழைத்தவர் அபிங். இயற்பெயர் ஹுவா யன்ஜுன். 1950 கோடையில் இசை ஆய்வாளர் யாங் யின்லியூ ஒலிப்பதிவுக் கருவியோடு போய் அவர் வாசித்ததில் ஆறு பாட்டுகளைப் பதிவு செய்தார், மூன்று ஏர்ஹுவில், மூன்று பிபாவில். அந்த ஆண்டு முடிவதற்குள் அபிங் இறந்துபோனார். நூற்றுக்கணக்கில் பாட்டுகள் தெரிந்த ஒரு மனிதரிடமிருந்து ஆறு மட்டும் மிஞ்சியது. அந்த ஆறில் ஒன்றான ஏர்ச்சுவான் யிங்யுவே இன்று ஏர்ஹு படிக்கும் ஒவ்வொருவரும் வந்து நிற்க வேண்டிய பாட்டு. இதை வாசிக்குமுன் இந்தக் கதையை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள், அறை தானாக அமைதியாகிவிடும்.

பிபாவுக்கு ஷிமியன் மைஃபூ, பத்துத் திசையிலும் பதுங்கியிருந்து தாக்குவது. கி.மு. 202இல் நடந்த கைஷியா போரைச் சொல்வது. குதிரைக் குளம்பும் வாள் மோதலும் நாலு தந்தியில் வரும், பையன்கள் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள். நல்ல கை வேண்டும், ஆள் இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள், எளிமையான பாட்டைச் சுத்தமாக வாசிப்பதே மேல்.

கூட்டமாகப் பாட ஒன்று வேண்டும் என்றால் மோலிஹுவா, மல்லிகைப் பாட்டு. 1804இல் ஜான் பரோ என்ற ஆங்கிலேயர் தன் சீனப் பயண நூலில் இதை அச்சிட்டார், அப்போதே ஊரறிந்த பாட்டு. சீனப் பாட்டிகளுக்கு வார்த்தை தெரியும், மற்றவர்கள் முணுமுணுக்கலாம்.

சிஜு கேட்க வந்தவர்களுக்கு மிருதங்கத்தோடு ஒரு ஜுகல்பந்தி போடலாமே என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். முதல் நிகழ்ச்சியில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த இசைக்கு அதன் இடத்தை முழுசாகக் கொடுங்கள். இணைப்பைக் காட்ட வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஆறாவது படி: ஒத்திகை

நான்கைந்து ஒத்திகை வேண்டும், அதில் கடைசி இரண்டு அதே அறையில். பள்ளிக் குழுவில் நடத்துநரின் கையைப் பார்த்து வாசித்துப் பழகியவர்களுக்கு இங்கே ஆரம்பத்தில் தடுமாற்றம் இருக்கும். இங்கே நடத்துநர் இல்லை. ஜியென்பு எனப்படும் எண் குறிப்பில் மெட்டு எழுதியிருக்கும், 1 என்றால் ஸ, 2 என்றால் ரி. அதை அப்படியே வாசித்தால் எல்லோரும் ஒன்றையே வாசிக்கிற மாதிரி தட்டையாக இருக்கும். இரண்டாவது ஒத்திகையிலேயே தாளை மூடச் சொல்லுங்கள். குழுவில் மூத்த ஒருவர் இருந்தால் அவரே சொல்லித்தருவார், யார் எங்கே விட வேண்டும், யார் எங்கே நிரப்ப வேண்டும் என்று. நீங்கள் செய்ய வேண்டியது நாற்காலிகளை வட்டமாகப் போட்டுத் தேநீர் வைத்துவிட்டு ஒதுங்கி உட்கார்வது.

நிகழ்ச்சியிலும் அதே வட்டம் இருக்கட்டும், பார்வையாளர் பக்கம் மட்டும் கொஞ்சம் திறந்து குதிரைலாட வடிவில். குழலும் ஏர்ஹுவும் எதிரெதிரே, யாங்சின் நடுவில், பிபா அதன் பக்கத்தில். பார்வையாளர் நாற்காலி மூன்று பக்கமும் வளைந்து நாலு வரிசைக்கு மேல் போகாமல். மேடை வேண்டாம், எல்லோரும் ஒரே தளம்.

ஏழாவது படி: அன்றைய நாள்

யாங்சினும் குஜெங்கும் சாதாரண டாக்சியில் ஏறாது. குஜெங் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம், யாங்சின் நல்ல கனம், தாங்கி வேறு. பெரிய வண்டியை முந்தின நாளே பதிவு செய்துவிடுங்கள்.

குளிரூட்டியை நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டு, வாத்தியங்களை உறையிலிருந்து எடுத்து அறையிலேயே வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரப்பதத்திலிருந்து திடீரென்று வறண்ட குளிருக்கு வந்தால் எல்லாமே கலையும். ஏர்ஹுவின் தோல் ஈரத்தில் தளர்ந்து மந்தமாகப் பேசும், காயக் காயச் சத்தம் மாறும். யாங்சினுக்கு நூற்றுக்கு மேல் தந்தி, சுருதி சேர்க்கவே கணிசமான நேரம் வேண்டும், அந்த நேரத்தில் அறையில் யாரும் நாற்காலி இழுக்கக் கூடாது. ஷெங்கின் சுருதியை மாற்ற முடியாது என்பதால் மற்றவர்கள் அதோடு சேர்ந்துகொள்வார்கள்.

குழல் வாசிப்பவர் தயாராவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். ஊதும் துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவில் இன்னொரு துளை இருக்கும். நாணல் தண்டின் உள்ளே இருந்து உரித்தெடுத்த, வெங்காயத் தோலை விட மெல்லிய ஒரு சவ்வை அதன்மேல் ஒட்டுவார். பசைக்கட்டியை ஈரவிரலால் தேய்த்து, துளையைச் சுற்றித் தடவி, சவ்வை இரண்டு பக்கமும் லேசாக இழுத்துச் சின்னச் சுருக்கங்கள் வரும்படி படியவைப்பார். ஊதிப் பார்ப்பார். இறுகிப்போனால் சத்தம் அடைத்துக்கொள்ளும், தளர்ந்தால் கரகரக்கும். சரியாக அமைந்தால்தான் அந்த மினுமினுப்பான நடுக்கம் வரும், சீனக் குழலின் உயிரே அதுதான். இப்படி ஒட்டிய சவ்வு குளிரூட்டியின் காற்று நேராகப் பட்டால் காய்ந்து இறுகிவிடும். அதனால் குழல் வாசிப்பவரைக் காற்று வரும் துவாரத்துக்குக் கீழே உட்காரவைக்காதீர்கள்.

பிபா வாசிப்பவர் வலது கை ஐந்து விரலிலும் செயற்கை நகத்தை டேப் சுற்றி ஒட்டிக்கொள்வார். அதற்குப் பிறகு அவரிடம் கையெழுத்தும் கேட்காதீர்கள், பெட்டியைத் தூக்கவும் சொல்லாதீர்கள்.

மைக் ஒன்றே ஒன்று, அறிவிப்பாளருக்கு. பதிவு செய்வதென்றால் குதிரைலாடத்துக்கு முன் ஒரு ஸ்டீரியோ மைக், யார் பார்வையையும் மறைக்காமல். விசிறி ஓடக் கூடாது, தாள் பறக்கும்.

சிற்றுண்டியை வெளியே வையுங்கள், நிகழ்ச்சி முடிந்தபிறகு. எல்லோரும் வரும் இடம், ஹலால் சான்றிதழ் உள்ள கடையிலிருந்து வாங்குங்கள், சைவம் தனி மேசையில் இருக்கட்டும். வாசிப்பவர்களுக்கு மட்டும் வெந்நீர் அறைக்குள்.

எட்டாவது படி: பேச்சு

மாண்டரினிலும் ஆங்கிலத்திலும் ஒருவர், தமிழிலும் மலாயிலும் இரண்டு வரி சேர்த்தால் நாலு மொழிக்காரரும் தங்களைக் கூப்பிட்டதாக உணர்வார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. வரலாற்றுப் பாடம் எடுப்பதை விட, காதுக்கு ஒரு வேலை கொடுப்பது நல்லது. "இந்தப் பாட்டில் முதலில் குழலை மட்டும் பின்தொடருங்கள், பாதியில் ஏர்ஹுவுக்கு மாறுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு முன்னால் நாலு பேரும் தனித்தனியாக அதே இரண்டு வரியை வாசித்துக் காட்டி, அப்புறம் சேர்ந்து வாசித்தால் இன்னும் நல்லது. இந்த ஐந்து நிமிடத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், மொத்த நிகழ்ச்சியும் இதில்தான் திறக்கிறது.

தமிழ் அண்டைவீட்டார் வந்திருந்தால் இங்கே அவர்களுக்கு ஒரு பரிசு இருக்கிறது. சீன இசையின் அடிப்படை ஐந்து சுரம் 1, 2, 3, 5, 6. நம் கணக்கில் ஸ ரி க ப த, மோகனம். அதே ஐந்தை ரியிலிருந்து ஆரம்பித்தால் மத்தியமாவதி, கவிலிருந்து இந்தோளம், பவிலிருந்து சுத்த சாவேரி, தவிலிருந்து சுத்த தன்யாசி. நாம் கிரகபேதம் என்கிறோம். சீனர்களிடமும் இந்த ஐந்துக்கும் கொங், ஷாங், ஜுவே, ஜி, யூ என்று பெயர் உண்டு. மோலிஹுவா ஜி வகை, பவில் வந்து அமரும், சுத்த சாவேரி தெரிந்தவர்கள் காது உடனே நிமிரும். வட்டாரத்தில் புல்லாங்குழலோ வயலினோ வாசிக்கும் தமிழ்ப் பிள்ளை இருந்தால், இந்த ஐந்தையும் வரிசையாக மூன்று நிமிடத்தில் வாசித்துக் காட்டட்டும். அதற்குமேல் இழுக்க வேண்டாம். சீன மெட்டுகளில் 4, 7 சுரங்களும் இடையிடையே வந்துபோகும், கமகமும் வேறு, எனவே 'இது நம் ராகம்தான்' என்று யாரும் முடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைதட்டல் பற்றி ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை. தேநீர்க்கடையில் பிறந்த இசை, எனவே தொடையில் தாளம் போடுவதோ மெல்ல 'ஆஹா' சொல்வதோ குற்றமில்லை. ஏர்ஹுவின் கடைசிச் சுரம் அடங்கும்வரை மட்டும் கை காத்திருக்கட்டும். வில்லை இறக்கி வைத்தபிறகு தட்டலாம். பிள்ளைகளைக் கதவுக்குப் பக்கத்தில், பெற்றோரோடு. அழுதால் வெளியே போய் வரலாம், யாரும் முறைக்க மாட்டார்கள் என்று அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒன்பதாவது படி: முடிந்தபிறகு

அரை மணி நேரம் வாத்தியங்களைப் பக்கத்தில் வந்து பார்க்க விடுங்கள், வாசிப்பவர்கள் சம்மதித்தால். யாங்சினைப் பிள்ளைகள் தட்டிப் பார்க்கலாம், அதன் மூங்கில் குச்சியைப் பிடித்ததும் முகம் மலரும், சந்தூரைப் பார்த்தவர்களுக்கு அது அதன் உறவு என்று உடனே புரியும், மேற்காசியாவிலிருந்து கடல்வழி சீனா போன வாத்தியம். ஏர்ஹுவின் தோலையும் வில்லின் குதிரைமுடியையும் மட்டும் யாரும் தொடக் கூடாது, கை எண்ணெய் பட்டால் கெட்டுவிடும். வில் இரண்டு தந்திக்கும் நடுவில் மாட்டியிருப்பதை அவரே தூக்கிக் காட்டட்டும், பலர் அதை நம்பமாட்டார்கள்.

உறைகளை எல்லோர் முன்னாலும் கொடுக்காமல் தனியாகக் கொடுங்கள். வண்டி வந்து பெரிய வாத்தியங்கள் ஏறும்வரை நீங்கள் அங்கேயே இருங்கள். அந்த வாரத்துக்குள் பதிவை வாசித்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பி, வெளியே பகிரலாமா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், மாணவர்கள் என்றால் பெற்றோரிடமும். வந்தவர்களில் யார் வீட்டு அலமாரியில் ஒரு ருவானோ சான்ஷியனோ இருக்கிறது என்று அன்றே விசாரித்து எண்ணை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். மன்றத்தில் அடுத்த அறைப் பதிவைப் போட்டுவிட்டு நான்யின் கலைஞர்களிடம் பேச ஆரம்பிக்கலாம், அவர்களுக்குத் தனியாக ஒரு மாலை வேண்டும்.